தடை விதித்தவரே கடைசி நீதிபதியா?

தடை விதிக்கப்பட்ட ஒரு ஜாக்கியோ பயிற்சியாளரோ வழக்குத் தொடுத்தார் என்று செய்தி வந்தால், குதிரைப் பந்தயத்தைப் பின்தொடர்பவர்களில் பெரும்பாலோர் முகம் சுளிக்கிறார்கள். குற்றம் செய்தவன் வக்கீலைப் பிடித்துத் தப்பிக்கப் பார்க்கிறான் என்பது முதல் பேச்சு. பந்தயத்தை மேற்பார்த்துத் தண்டனை விதிக்கும், முப்பது வருஷம் குதிரைகளோடு வாழ்ந்த ஸ்டூவர்டுகள் சொன்ன தீர்ப்பை, கடிவாளத்தைத் தொட்டே பார்க்காத ஒரு நீதிபதி எப்படித் திருத்தலாம் என்பது அடுத்த பேச்சு. விளையாட்டுக்குள் எழுந்த சச்சரவு விளையாட்டுக்குள்ளேயே தீர வேண்டும், கோர்ட்டுக்குப் போனால் ஒழுங்கு குலையும், ஏமாற்றியவனுக்கு இடைக்கால உத்தரவு கிடைக்கும், பணம் கட்டியவன் ஏமாந்துபோவான் என்று வாதம் நீள்கிறது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பந்தயம் பெரிதாக நடக்கும் நாடுகளிலெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

இதைச் சொல்பவர்களில் பலர் பந்தயத்தை உண்மையாக நேசிப்பவர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கருத்து தவறு. நீதிமன்றம் உள்ளே வந்ததால் பந்தய ஒழுங்கு கெட்டது என்று காட்ட அவர்களிடம் வலுவான வழக்கு ஒன்றும் இல்லை. நீதிமன்றம் ஒதுங்கி நின்றதால் மனிதர்கள் அழிந்ததற்கும், அது ஒரு கேள்வி கேட்டதால் ஒழுங்கு நடவடிக்கையே மேம்பட்டதற்கும் வழக்குகள் இருக்கின்றன.

முதலில், தடை என்றால் என்ன என்பதைப் பார்க்க வேண்டும். கால்பந்தில் சிவப்பு அட்டை வாங்கியவர் சில ஆட்டங்களுக்கு வெளியே உட்கார்வார். குதிரைப் பந்தயத்தில் 'வார்ன்டு ஆஃப்' ஆனவர் பந்தய மைதானத்துக்குள்ளேயே காலெடுத்து வைக்க முடியாது. லாயத்தில் வேலை பார்க்க முடியாது. ஒரு நாட்டுப் பந்தய அமைப்பு ஒருவரைத் தகுதி நீக்கினால் மற்ற நாட்டு அமைப்புகளும் அதைத் தங்கள் தடையாகவே அமல்படுத்துவது வழக்கம். லண்டனில் மூடிய கதவு துபாயிலும் ஹாங்காங்கிலும் சேர்ந்தே மூடும். பதினைந்து, பதினாறு வயதில் லாயத்தில் சேர்ந்து குதிரையைத் தவிர வேறு எதையும் கற்காத ஒருவருக்கு, நான்காண்டுத் தடை என்பது பிழைப்பின் முடிவு. பயிற்சியாளர் என்றால் அவரோடு லாயமே போகும். உரிமையாளர்கள் குதிரைகளை உடனே வேறு லாயத்துக்கு ஓட்டிச் செல்வார்கள். குதிரைக்காரர்கள், காலையில் ஓட்டிப் பழக்குகிற பையன்கள் எல்லோரும் வேலை இழப்பார்கள். தடைக்காலம் முடிந்து அவர் திரும்பும்போது அங்கே ஒன்றும் இருக்காது. இத்தனையையும் ஒருவரிடமிருந்து பறிக்கும் அதிகாரத்தை, வெளியே யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று ஒரு அமைப்பிடம் கொடுத்துவைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

"லைசென்ஸ் வாங்கும்போதே விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர்தானே? இப்போது ஏன் கோர்ட்?" என்று கேட்கிறார்கள். இந்த ஒப்புதல் வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன். கையெழுத்துப் போட மறுத்தால் அந்த நாட்டில் அந்தத் தொழிலே செய்ய முடியாது. வேறு வழி இல்லாதவரிடம் வாங்கிய கையெழுத்தைக் காட்டி, நீயாகத்தானே ஒத்துக்கொண்டாய் என்று சொல்வது கொடுமை. பிரிட்டிஷ் நீதிபதிகளுக்கு இது வெகு காலத்துக்கு முன்பே உறுத்தியது. 1940-களின் பிற்பகுதியில் ரஸ்ஸல் என்ற பயிற்சியாளர், ஊக்கமருந்து விவகாரம் ஒன்றில் லைசென்ஸைப் பறித்துத் தன்னை வெளியேற்றிய, அன்று பிரிட்டிஷ் பந்தயத்தை ஆண்ட அமைப்பான ஜாக்கி கிளப்பின் மீது வழக்குப் போட்டார். ஒப்பந்தம் கிளப்புக்கு முழு அதிகாரம் தருகிறது என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைத் தோற்கடித்தது. அந்த அமர்வில் இருந்த டென்னிங் பிரபு முடிவில் மற்றவர்களோடு ஒத்துப்போனாலும், ஒரு துறையையே ஏகபோகமாக வைத்திருக்கும் அமைப்புக்கு அதற்கேற்ற பொறுப்பும் உண்டு என்று பதிவு செய்தார்.

அந்த விதை முளைக்க ஏறக்குறையப் பதினேழு ஆண்டுகள் ஆயின. ஃப்ளாரன்ஸ் நாகிள் என்ற பெண்மணி பல பத்தாண்டுகளாகக் குதிரைகளைப் பழக்கி வந்தவர். அவர் தயார்செய்த குதிரை 1937-ஆம் ஆண்டு எப்சம் டெர்பியில் இரண்டாவதாக வந்தது. ஆனால் பெண்களுக்கு லைசென்ஸ் கிடையாது என்று ஜாக்கி கிளப் பிடிவாதமாக இருந்தது. எனவே லைசென்ஸ் அவருடைய லாயத்தின் தலைமை வேலைக்காரர் பெயரில் இருந்தது. வேலை செய்தவர் ஒருவர், பெயர் வேறொருவருக்கு. நாகிள் பலமுறை கேட்டுப் பார்த்து, கடைசியில் வழக்குத் தொடுத்தார். அவருக்கும் கிளப்புக்கும் ஒப்பந்தமே இல்லாதபோது வழக்கு எப்படி நிற்கும் என்று அதைத் தள்ளுபடி செய்யச் சொன்னது கிளப். 1966-இல் டென்னிங் பிரபு உள்ளிட்ட மேல்முறையீட்டு அமர்வு மறுத்துவிட்டது. ஒரு தொழிலுக்கான ஒரே வாசலைக் கையில் வைத்திருப்பவர்கள் மனம்போன போக்கில் ஒருவரை உள்ளே விடாமல் தடுக்க முடியாது, உழைக்கும் உரிமை என்று ஒன்று உண்டு என்றது. முழு விசாரணைக்குக்கூட வழக்கு போகவில்லை. கிளப் இறங்கிவந்து லைசென்ஸ் கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நோரா வில்மட் என்ற இன்னொரு பெண் பயிற்சியாளரின் குதிரை, அவர் பெயரிலேயே பதிவாகிப் பந்தயம் வென்றது. 'விளையாட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று நாகிளிடம் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? விளையாட்டுக்குள் அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். விளையாட்டுதான் காது கொடுக்கவில்லை.

நாகிள் வழக்கு உள்ளே நுழைய விடாததைப் பற்றியது, தடையைப் பற்றியது இல்லை என்று ஒருவர் சொல்லலாம். சரி, தடைக்கே வருவோம். ஆஸ்திரேலியாவின் கோபால்ட் வழக்கை, ஸ்டூவர்டுகளின் அனுபவத்தைக் கடைசி வார்த்தை என்று நினைக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

கோபால்ட் பி12 வைட்டமினில் இருக்கும் உலோகம். அளவுக்கு மேல் கொடுத்தால் ரத்தச் சிவப்பணுக்கள் கூடும், குதிரை களைக்காமல் ஓடும் என்ற நம்பிக்கை பந்தய உலகில் பரவியது. விக்டோரியா மாநிலத்தில் ஒரு லிட்டர் சிறுநீரில் 200 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தார்கள். டேனி ஓ'பிரையன், மார்க் காவனா ஆகிய இரு பெரிய பயிற்சியாளர்களின் குதிரைகள் அந்த வரம்பைத் தாண்டின. காவனா 2009-இல் மெல்போர்ன் கோப்பை வென்ற குதிரையைப் பழக்கியவர். குதிரைகளின் ஓட்டத்தை மாற்றும் நோக்கத்தோடு மருந்து கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2016 ஜனவரியில் பந்தயத் துறையின் ஒழுங்கு வாரியம் ஓ'பிரையனுக்கு நான்கு ஆண்டுகளும் காவனாவுக்கு மூன்று ஆண்டுகளும் தடை விதித்தது. பத்திரிகைகள் அவர்களை முடித்து எழுதிவிட்டன.

இருவரும் மாநிலத்தின் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு நீதிபதி எல்லாச் சாட்சியங்களையும் முதலிலிருந்து கேட்டார். கால்நடை மருத்துவர் கொண்டுவந்த, வைட்டமின் என்று பெயரிட்ட குப்பியில் கோபால்ட் நிறைந்திருந்தது, அது பயிற்சியாளர்களுக்குத் தெரியாது என்ற வாதத்தை அவர் ஏற்றார். மருந்து கொடுத்த குற்றம் 2017 மார்ச்சில் ரத்தானது. பந்தய அமைப்பு மேல்முறையீடு செய்து அதே ஆண்டு நவம்பரில் தோற்றது. தடைசெய்த பொருள் உடலில் இருக்கக் குதிரையைக் களத்துக்குக் கொண்டுவந்தது மட்டும் குற்றமாக மிஞ்சியது. அதற்கு அபராதம் விதித்தார்கள், இருவரும் கட்டினார்கள். விதி மீறலுக்குத் தண்டனை கிடைத்தது. செய்யாத சதிக்கான தண்டனை மட்டும் நீங்கியது. ஒழுங்கு குலைந்ததா இங்கே?

2019 நவம்பரில் வவ் அண்ட் டிக்ளேர் என்ற குதிரை மெல்போர்ன் கோப்பையை வென்றது. பயிற்சியாளர் டேனி ஓ'பிரையன். 2016 ஜனவரியில் விதித்த நான்காண்டுத் தடை நின்றிருந்தால் அன்றைக்கு அது முடிந்திருக்காது. ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய பந்தயத்தை வென்ற அந்த மனிதர், தன் மீது சுமத்திய குற்றத்தைச் செய்யாதவர் என்று வெளித் தீர்ப்பாயம் சொன்னவர், அந்த நாளில் மைதானத்துக்குள் நுழையக்கூட அனுமதி இல்லாமல் இருந்திருப்பார். 'நிபுணர்களின் முடிவில் தலையிடாதே' என்பவர்கள் இந்த ஒரு தேதிக்குப் பதில் சொல்லட்டும்.

நிபுணத்துவம் என்ற வாதம் வெறும் பேச்சு என்று நான் சொல்ல வரவில்லை. கடைசி இருநூறு மீட்டரில் ஜாக்கி குதிரையை இழுத்துப் பிடித்தாரா, அல்லது குதிரைக்கே மூச்சு வாங்கியதா என்பதை ஒளிப்பதிவு பார்த்துச் சொல்ல, ஆயிரம் பந்தயம் பார்த்த கண் வேண்டும். அந்தக் கண் நீதிபதிக்குக் கிடையாது, அவருக்கு அது தேவையும் இல்லை. ஆனால் அந்த நிபுணர் சொல்வதைக் குறுக்கு விசாரணையில் உரசிப் பார்க்கும் இடம் ஒன்று வேண்டும். உரசாத நிபுணத்துவம் எப்படிப் போகும் என்பதற்கு கீரன் ஃபாலன் வழக்கைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஃபாலன் பிரிட்டனில் ஆறு முறை சாம்பியன் ஜாக்கி. பந்தயங்களில் வேண்டுமென்றே தோற்கச் சதி செய்தார் என்ற சந்தேகத்தில் ஜாக்கி கிளப் காவல்துறையிடம் தகவல் கொடுத்தது. 2006 ஜூலையில் போலீஸ் அவர் மீதும் வேறு சிலர் மீதும் குற்றம் சாட்டியது. சில நாட்களுக்குள், ஜாக்கி கிளப்பின் ஒழுங்கு அதிகாரத்தை அப்போதுதான் ஏற்றிருந்த புதிய அமைப்பு, வழக்கு முடியும் வரை பிரிட்டனில் அவர் குதிரை ஏறக் கூடாது என்று தடை போட்டது. குற்றம் நிரூபணமாகவில்லை. விசாரணையே தொடங்கவில்லை. ஃபாலன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பந்தயத்தின் நற்பெயரைக் காக்க அமைப்பு எடுத்த முடிவை நியாயமற்றது என்று சொல்ல முடியாது என்று கூறி, நீதிமன்றம் உதவ மறுத்தது.

நீதிமன்றம் ஒதுங்கி நின்றால் நல்லது என்பவர்கள் கேட்டது அப்படியே கிடைத்த வழக்கு இது. விளைவைப் பாருங்கள். அயர்லாந்து அவரைக் குதிரை ஏற அனுமதித்தது, பிரிட்டன் அனுமதிக்கவில்லை. 2007 அக்டோபர் 7 அன்று பாரிஸில் ஐரோப்பாவின் மிகப் பெரிய பந்தயமான ஆர்க் டி ட்ரையோம்ஃப் பரிசை டிலன் தாமஸ் என்ற குதிரையில் வென்றார். மறுநாள் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் கூண்டில் நின்றார். வழக்கின் முக்கிய நிபுணச் சாட்சி, நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்த அனுபவமிக்க தலைமை ஸ்டூவர்டு. குறுக்கு விசாரணையில், பிரிட்டனின் பந்தய விதிகள் தனக்கு அவ்வளவு பழக்கமில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். சதி நடந்ததாகச் சொன்ன பந்தயங்களில் சிலவற்றில் ஃபாலன் வென்றே இருந்தார். டிசம்பர் 7 அன்று, எதிர்த்தரப்பு தன் சாட்சிகளை அழைக்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல், பதில் சொல்லும்படியான வழக்கே இங்கு இல்லை என்று நீதிபதி எல்லோரையும் விடுவித்தார்.

தடை தொடங்கியபோது ஃபாலனுக்கு வயது 41. ஜாக்கியின் உடம்புக்கு அந்த வயதில் பதினேழு மாதம் என்பது எவ்வளவு என்று குதிரை ஏறியவர்களைக் கேளுங்கள். அந்தப் பதினேழு மாதத்தை யாராலும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. வழக்கிலிருந்து விடுதலையான உடனே, பிரான்ஸில் எடுத்த சோதனையில் கோகெய்ன் தெரிந்ததாகச் செய்தி வந்து, அதற்காகப் பதினெட்டு மாதத் தடை பெற்றார் என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. அந்தத் தடை சோதனையும் விசாரணையும் முடிந்து வந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. போதைப்பொருள் எடுத்தவருக்குச் செய்யாத சதிக்காகவும் தண்டனை கொடுக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இனி, கோர்ட் வந்தால் ஏமாற்றுக்காரன் தப்பிப்பான் என்ற பயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் இந்தப் பயத்தின் முகமாக நிறுத்தப்படுபவர் பாப் பேஃபர்ட். 2021 மே 1 அன்று கென்டக்கி டெர்பியில் முதலாவதாக வந்த மெடினா ஸ்பிரிட் குதிரையின் ரத்தத்தில் பீட்டாமெத்தசோன் என்ற மருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 21 பிகோகிராம் இருந்தது. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. எவ்வளவு சிறிதானாலும் பந்தய நாளில் அது இருக்கக் கூடாது என்பதுதான் அங்கே விதி. தோல் நோய்க்குத் தடவிய களிம்பிலிருந்து வந்தது என்றார் பேஃபர்ட். பெல்மான்ட், சாரட்டோகா மைதானங்களை நடத்தும் நியூயார்க் பந்தயச் சங்கம், அவரை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், கடிதம் அனுப்பி இடைநிறுத்தியது. அவர் வழக்குப் போட்டார். ஜூலையில் நீதிபதி கேரல் பேக்லி ஏமன் சங்கத்தின் உத்தரவை நிறுத்திவைத்தார். மருந்து கொடுத்தாரா, களிம்பா, ஊசியா என்ற கேள்விக்குள் அவர் போகவே இல்லை. ஒரு மனிதனின் தொழிலைப் பறிக்கும் முன் அவன் பக்கத்தைக் கேட்டீர்களா என்பது மட்டுமே கேள்வி. கேட்கவில்லை.

அடுத்து நடந்ததைப் பலர் சொல்வதில்லை. சங்கம் விசாரணை நடைமுறையை எழுதியது. 2022 தொடக்கத்தில், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் முன்னிலையில் சாட்சிகளோடு முறையான விசாரணை நடந்தது. ஜூனில் பேஃபர்ட்டுக்கு ஓராண்டுத் தடை விதித்தார்கள். ஆம், தடைதான். நீதிமன்றம் அவரைத் தப்பவிடவில்லை. முன்பு கடிதத்தில் வந்த தண்டனை இப்போது காரணங்களோடு வந்தது. அவர் மீண்டும் ஓடிப்போய் உடைத்துவிட முடியாதபடி உறுதியாக வந்தது. கென்டக்கியில் டெர்பியை நடத்தும் நிறுவனம் விதித்த இரண்டாண்டுத் தடையை எதிர்த்து அவர் போட்ட தனி வழக்கிலோ, 2023-இல் கூட்டாட்சி நீதிபதி அவர் கேட்ட உத்தரவைத் தர மறுத்தார். இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு விதமான முடிவுகள். வழக்குப் போட்டாலே தடை பறந்துபோகும் என்ற கதைக்கு இதில் எங்கே இடம்?

வெள்ளம்போல் வழக்குகள் வரும் என்ற இன்னொரு பயத்துக்கும் விடை பழைய வழக்கிலேயே இருக்கிறது. முன்னாள் ஜாக்கி கிரஹாம் பிராட்லி, உள் தகவல்களைப் பணத்துக்காகச் சூதாடி ஒருவருக்குக் கொடுத்ததற்காக எட்டு ஆண்டுத் தடை பெற்றார். உள் மேல்முறையீட்டு வாரியம் அதை ஐந்தாகக் குறைத்தது. 2004-இல் உயர் நீதிமன்றமும் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த ஐந்தாண்டில் கைவைக்க மறுத்தன. அமைப்பு சட்டத்துக்கு உட்பட்டு, நேர்மையான முறையில், நியாயமான வரம்புக்குள் முடிவெடுத்ததா என்று பார்ப்பது மட்டுமே எங்கள் வேலை, நாங்கள் இரண்டாவது ஸ்டூவர்டு குழு இல்லை என்று அவை தெளிவாகச் சொல்லிவிட்டன. நேர்மையாகத் தீர்ப்புச் சொன்ன அமைப்புக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது?

உள்ளுக்குள்ளேயே மேல்முறையீடு இருக்கிறதே, அது போதாதா என்பவர்களுக்கு ஜிம் பெஸ்ட் விவகாரத்தைச் சுட்டுகிறேன். தன் ஜாக்கியிடம் இரண்டு குதிரைகளை இழுத்துப் பிடிக்கச் சொன்னார் என்று 2016-இல் இந்தப் பிரிட்டிஷ் பயிற்சியாளருக்கு நான்காண்டுத் தடை விதித்தார்கள். பிறகுதான் தெரிந்தது, விசாரணைக் குழுத் தலைவராக உட்கார்ந்திருந்த வழக்கறிஞர், குற்றம் சாட்டிய அதே பந்தய அமைப்பிடம் சம்பளம் வாங்கி வேறு வேலைகளும் செய்துவந்தவர் என்பது. அவர் பாரபட்சமாக நடந்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்படித் தோன்ற இடமிருந்தது, அதுவே போதும். தீர்ப்பு ரத்தானது. புதிய குழு எல்லாவற்றையும் மறுபடி விசாரித்தது. பெஸ்ட் குற்றவாளி என்றுதான் அதுவும் சொன்னது. தண்டனை மட்டும் ஆறு மாதம். நான்கு ஆண்டுக்கும் ஆறு மாதத்துக்கும் நடுவே ஒரு மனிதனின் பிழைப்பு கிடக்கிறது. இந்த ஒரு தலைகுனிவுக்குப் பிறகே பிரிட்டனின் பந்தய ஒழுங்கு அமைப்பு தன் நீதிக் குழுக்களைத் தனியாகப் பிரித்து மாற்றியமைத்தது. இது கோர்ட்டுக்குப் போகாமல் உள்ளேயே சரியானதுதானே என்று கேட்கலாம். சரியானது. ஆனால், சார்பு இருப்பதுபோல் தோன்றினாலே தீர்ப்பு நிற்காது என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது? அது நீதிமன்றம் நூறாண்டாகச் செதுக்கிய அளவுகோல். வெளியே ஒரு நீதிபதி இதைப் பார்ப்பார் என்ற எண்ணம் இருப்பதால்தான் உள்ளே இருப்பவர்கள் அதை எடுத்துப் பிடிக்கிறார்கள்.

1979-இல் கவுன்ட் மேயோ என்ற குதிரையின் உரிமையாளர் தொடுத்த ஆஸ்திரேலிய வழக்கில், முதல் விசாரணையில் குறை இருந்தாலும் மேல்முறையீடு முழுமையாகவும் நேர்மையாகவும் நடந்தால் அந்தக் குறை நீங்கும் என்று லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. இதையும் நீதிமன்ற எதிர்ப்பாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். மேல்முறையீடு நேர்மையாக நடந்ததா என்று பார்த்துச் சொன்னதும் ஒரு நீதிமன்றம்தான் என்பது அவர்களுக்கு நினைவிருக்க வேண்டும்.

நீதிமன்ற வாசல் அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குதிரை உரிமையாளர் ஆகா கானின் வழக்கு சான்று. அவருடைய அலிசா என்ற குதிரை 1989-இல் ஓக்ஸ் பந்தயத்தை வென்றது. சிறுநீரில் கற்பூரத்தின் தடயம் தெரிந்தது என்று ஜாக்கி கிளப் வெற்றியைப் பறித்தது. அந்தச் சோதனை முறையே சரியில்லை என்றார் ஆகா கான். தன் குதிரைகளைப் பிரிட்டனிலிருந்தே விலக்கிக்கொண்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992 இறுதியில், இந்தக் கிளப் இல்லாவிட்டால் அரசே ஒரு அமைப்பை உருவாக்க வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் இது பொதுச் சட்டத்துக்குள் வராத தனியார் அமைப்பு, ஒப்பந்த வழியில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. அரசின் வேலையைச் செய்யும் அமைப்பு, அரசுக்குள்ள கட்டுப்பாடு மட்டும் கிடையாது. இதைச் சரி என்று என்னால் ஏற்க முடியவில்லை. சோதனையை நம்பலாமா என்ற கேள்வி வெளி நடுவர் ஒருவர் முன்னால் கடைசிவரை தீரவே இல்லை. அந்தப் பந்தயத்தின் மேல் படிந்த ஐயம் இன்றும் அப்படியே இருக்கிறது. பந்தயத்தின் நற்பெயருக்கு இதில் என்ன லாபம்?

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இடைக்கால உத்தரவைப் பற்றியது. வழக்கு முடியும்வரை தடை நிறுத்தப்பட்டால், உண்மையிலேயே ஏமாற்றியவர் அந்த மாதங்களில் மேலும் ஏமாற்றலாம். இது நிஜமான ஆபத்து. ஆனால் இரண்டு பக்கத் தவறையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். குற்றவாளியின் தடை ஆறு மாதம் தள்ளிப்போனால், ஆறு மாதம் கழித்து அதை அனுபவிப்பார். அதுவரை அவருடைய குதிரைகளை ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னும் பின்னும் சோதிக்கலாம், லாயத்தில் கண்காணிப்பு வைக்கலாம். குற்றமற்றவரின் தடை உடனே அமலானால் அந்தக் காலம் திரும்ப வராது. ஓ'பிரையனும் காவனாவும் மேல்முறையீட்டுக் காலத்தில் தொழிலைத் தொடர்ந்தார்கள். விக்டோரியாவில் பந்தயம் அதனால் சாய்ந்துவிடவில்லை.

பணக்காரர்கள்தான் கோர்ட்டுக்குப் போக முடிகிறது என்ற குறை உண்மை. ஆகா கானும் பேஃபர்ட்டும் வக்கீல் வைத்துக்கொள்வார்கள். லாயத்தில் சாணம் அள்ளுகிறவனை மூன்று மாதம் நிறுத்தினால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் இதைச் சொல்பவர்கள் அதிலிருந்து கோர்ட்டே வேண்டாம் என்ற முடிவுக்குத் தாவுகிறார்கள். ஏழைக்கு எட்டாத மருத்துவமனையை இடித்துவிடலாம் என்று சொல்வதற்குச் சமம் அது. செலவைக் குறைக்க வேண்டும். விக்டோரியாவில் இருந்ததுபோல் வக்கீல் இல்லாமலும் போகக்கூடிய வெளித் தீர்ப்பாயம் வேண்டும். நாகிள் வசதியானவர்தான். அவர் திறந்த வாசல் வழியாக வந்த எல்லாப் பெண்களும் வசதியானவர்கள் இல்லை.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவின் பந்தயக் கிளப்புகள் இங்கிலாந்து ஜாக்கி கிளப்பின் வார்ப்பில் உருவானவை. ஸ்டூவர்டு, ஸ்டைபெண்டரி ஸ்டூவர்டு, மேல்முறையீட்டு வாரியம் என்று அமைப்பும் சொற்களும் அங்கிருந்து வந்தவை. ஒரு கிளப் விதித்த தகுதி நீக்கத்தை மற்றக் கிளப்புகளும் மதிக்கின்றன. கிண்டியில் தடைபட்ட ஜாக்கி பெங்களூரிலோ புனேயிலோ பிழைத்துக்கொள்ளலாம் என்று இல்லை. இங்கேயும் வழக்குப் போடுபவர்களை முகம் சுளித்துப் பார்க்கிறார்கள். ஆனால் மெட்ராஸ் ரேஸ் கிளப் இன்றுவரை வாழ்ந்ததே கோர்ட்டால். 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986-இல் கிளப்பையே கையகப்படுத்த இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. கிளப் தரப்பு உச்ச நீதிமன்றம்வரை போராடியது. 1996 ஜனவரியில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் இல்லை என்றும் கையகப்படுத்தும் சட்டம் செல்லாது என்றும் தீர்ப்பு வந்தது. 2024-இல் அரசு குத்தகையை ரத்துசெய்து மைதானத்துக்குச் சீல் வைத்தபோதும் கிளப் உயர் நீதிமன்றத்தைத்தான் நாடியது. அது சரியான செயல், கிளப்பின் உரிமை. பெரிய அதிகாரத்தின் முன்னால் சிறியவர் நிற்கும்போது கேட்க ஒரு மூன்றாவது ஆள் வேண்டும் என்பதுதான் அந்த உரிமையின் அடிப்படை. அரசின் முன்னால் கிளப் சிறியது. கிளப்பின் முன்னால் ஜாக்கி சிறியவர்.

சங்கம் ஒன்று தன் உறுப்பினரை வெளியேற்றினால் விதிப்படியும் நல்லெண்ணத்தோடும் இயற்கை நீதிப்படியும் நடந்ததா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது. கிரிக்கெட் வாரியம் பொதுப் பணி செய்வதால் ரிட் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று 2015-இல் சொன்னது. மக்கள் பணம் புழங்கும், மாநில அரசு உரிமம் கொடுத்து நடத்தும் பந்தயத்துக்கு இந்தத் தர்க்கம் பொருந்தாது என்று வாதிட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எனவே வழக்குகளைக் குறைக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கும் கிளப்புகள் செய்ய வேண்டியது வேறு. குற்றம் சாட்டுகிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒரே ஆளிடம் சம்பளம் வாங்கக் கூடாது. சோதனைக்கூட அறிக்கையின் முழுப் பிரதியும் மாதிரியின் இரண்டாம் பங்கும் குற்றம் சாட்டப்பட்டவர் கைக்குக் கேட்காமலே வர வேண்டும். தீர்ப்பு இரண்டு வரியில் வராமல் காரணங்களோடு வர வேண்டும். விசாரணைக்கு முன் ஒருவரை இடைநிறுத்தினால் அதற்குக் காலவரம்பு வேண்டும். அந்த வரம்புக்குள் விசாரணை முடியாவிட்டால் அவர் மறுபடி குதிரை ஏறலாம் என்று விதியிலேயே எழுத வேண்டும். கடைசியில் அவர் குற்றமற்றவர் என்று தெரிந்தால், அவர் இழந்த சவாரிக் கட்டணத்தைக் கிளப் தன் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். ஃபாலன் போன்ற ஒருவரைப் பதினேழு மாதம் தன் நாட்டில் குதிரை ஏறவிடாமல் தடுக்கும் முன், அந்தக் கணக்கை எந்த அமைப்பும் ஒருமுறை போட்டுப் பார்க்கும்.